ஒரு கணக்குப் பாடம் குறைந்தது

டால்டன் குபாலாவுக்குப் பதினெட்டு வயது, ஆறடி ஐந்தங்குலம், முந்நூறு பவுண்டு எடை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற ஃபுட்பாலில் அவன் வேலை ஒன்றே ஒன்றுதான்: பந்தை எறிகிறவனை எவனும் நெருங்காதபடி முன்னால் நின்று தடுப்பது. பந்தை அவன் தொட்டதுகூட அபூர்வம். ஆனாலும் மேற்கு டெக்சாஸில் க்ரேடி என்கிற அந்தப் பருத்தி ஊரில் அவனைத் தெரியாதவர் கிடையாது.

பதினோராம் வகுப்பிலிருந்தே கல்லூரிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அம்மா ரெனே செய்த மாட்டிறைச்சி வறுவலை இரண்டு தட்டு காலி செய்துவிட்டு, "படிப்பு, தங்கறது, சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. பையனை மட்டும் குடுங்க" என்றார். பருத்தி ஆலையில் லாரி எடை போடுகிற ரெனே, பெண் கேட்டு வந்தவரைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். பிப்ரவரியில் பள்ளி ஜிம்மில் பேண்டு முழங்க, கல்லூரித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கே ஆடுவதாக டால்டன் கையெழுத்துப் போட்டான். பாதி ஊர் அழுதது.

ஜூன் மாதம் அதே மனிதர் போன் செய்தார். குரலில் வறுவல் சாப்பிட்ட நெருக்கம் இல்லை.

"காலேஜ்ல ஆட வர்றவங்க தகுதியைப் பார்க்கிற சங்கத்துல உன் சான்றிதழை அலசினாங்க டால்டன். கணக்குல ஒரு பாடம் குறையுது."

"நான் எல்லாத்துலயும் பாஸ் சார்."

"பத்தாவதுல கம்ப்யூட்டர்ல முடிச்சியே, அந்த ஜியோமெட்ரியை அவங்க ஏத்துக்க மாட்டாங்களாம். பன்னெண்டாவது தொடங்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணியிருக்கணும். இனிமே எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. உன் இடத்துக்கு வேற ஒருத்தனைப் பார்த்தாச்சு. ரெண்டு வருஷக் காலேஜ் ஏதாவது போய் ஆடு, அப்புறம் பார்க்கலாம்."

அந்தக் கம்ப்யூட்டர் பாடத்தை டால்டன் மறக்கவில்லை. பத்தாவதில் அக்டோபர் மாதம் ஜியோமெட்ரியில் அவன் ஃபெயில். டெக்சாஸில் ஃபெயிலானவன் மூன்று வாரம் மைதானத்தில் கால் வைக்க முடியாது. அந்த வெள்ளிக்கிழமையோ பரம எதிரியான பார்லோ ஊரோடு ஆட்டம். மிஸஸ் ஓடம் என்கிற கணக்கு டீச்சர் அவனைக் கூப்பிட்டு, "தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்கிட்ட உட்காரு, தேத்தி விட்டுடறேன். மூணு வாரம் நீ ஆடலேன்னா உலகம் ஒண்ணும் அழிஞ்சிடாது" என்றார்.

க்ரேடியில் அப்படிப் பேசக்கூடாது. மறுநாள் காலை அந்த அம்மாள் காரில் முட்டை வழிந்தது. அதைப் பார்த்து டால்டனும் சிரித்தான். பள்ளியில் அவசர அவசரமாக அவனை அந்த வகுப்பிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். தப்பாய் அழுத்தினால் சரியான விடையை அதுவே காட்டும், மறுபடி அழுத்தலாம். இரண்டே நாளில் பாஸ். பார்லோவைத் தோற்கடித்ததும் அவனை எல்லோரும் தூக்கப் பார்த்தார்கள், தூக்க முடியவில்லை.

போனை வைத்ததும் அவன் நேரே பள்ளி கோச் ப்ரூவரிடம் போனான். கோச் மைதானத்தில் குழாய் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவர் குழாயை மூடவேயில்லை.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா கோச்?"

"அது வெளியில செல்லாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்கடா. இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கே, கோடை லீவுல ஒழுங்கா ஒரு தரம் படிக்க வெச்சுடலாம்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மறந்து போச்சு." தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நீ ஆடிக்கிட்டே இருந்தியேடா."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் டால்டனுக்கு ஆத்திரமாக வந்தது. கெடுக்க நினைத்தவன் ஒருவனாவது இருந்தால் போய் ஓர் அறை விட்டுவிட்டு வரலாம். இங்கே இருந்தவர்கள் எல்லோரும் அவனைக் கொண்டாடியவர்கள். வேண்டாம் என்று குறுக்கே நின்ற ஒரே மனுஷியைப் பார்த்து அவனே சிரித்தான். காலடியில் தண்ணீர் தேங்கி ஷூ நனைகிறவரை அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

ரெனே விடுதிக்குக் கொண்டுபோக வாங்கிய துண்டுகளில் அவன் பெயரைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து முடிந்திருந்தன.

"உனக்கு வெள்ளையே ஆகாது. அதான் நீலமா வாங்கினேன், அழுக்கு மூட்டை" என்றாள்.

அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"வகுப்பு மாத்தினதுக்குக் கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் வந்துது, இல்ல?" என்றாள்.

"ஞாபகம் இல்லம்மா."

"வந்துது. நீதான் கார் ஜன்னல் வழியா நீட்டினே. அன்னிக்கு ராத்திரி பார்லோ ஆட்டம். உன் நம்பர் போட்ட சட்டை போட்டிருந்தேன். கீழே பொடி எழுத்துல என்னமோ நிறைய இருந்துது." ஊசியைத் துண்டில் குத்தி வைத்தாள். "மைதானத்துல முன்வரிசை இடம் போயிடப் போகுதேன்னு, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்டா."