ஆற்றுக்கே மணல் ஏற்றிப் போனோம்: பழைய பிக்கப்பில் பாலாற்று வழியாக மாமல்லபுரம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு முப்பது கிலோமீட்டர் நல்ல தார் ரோடு இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். நாங்கள் போன மாதம், மாசியில் ஒரு வியாழக்கிழமை, ஐம்பத்தேழு கிலோமீட்டர் சுற்றி, பாலாற்று மணலில் இறங்கி ஏறி, ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ரோடு போட்ட இடத்துக்கெல்லாம் பஸ் போகிறது. அதற்கு எனக்கு எதற்கு வண்டி?

வண்டிக்குப் பதினெட்டு வயது. டீசல் பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கிற வகை இல்லை, பின் சக்கரம் மட்டும்தான். என் வீட்டுக்காரர் இதில் செங்கல், சவுக்கு, நெல் மூட்டை என்று ஏற்றாத லோடு கிடையாது. போன வருடம் முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. எட்டாவது படித்தவர்களுக்குத்தான் லோடு வண்டி லைசென்ஸ் என்றிருந்த வரைக்கும் என் ஐந்தாம் வகுப்பு குறுக்கே நின்றது. அந்த விதியை எடுத்தார்கள், நான் லைசென்ஸ் எடுத்தேன். இன்ஜினியரிங் படிக்கிற என் பேத்திக்கு முன்னாலேயே எடுத்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆனால் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒருவர், கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர், வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்றார். நான் கூடாது என்றேன். நாலு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு பந்தயத்துக்கு வந்தோம். ஆற்று வழியாக மாமல்லபுரம் போக வேண்டும். வழியில் யாராவது கயிறு கட்டி வண்டியை இழுத்தால், ஞாயிற்றுக்கிழமை அது சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய்விடும். கயிறு இல்லாமல் போய்ச் சேர்ந்தால், விற்கிற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது.

இனி வண்டிக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பலரும் இதற்காகத்தான் இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள் என்று தெரியும்.

எங்கள் மெக்கானிக் பாபுவுக்கு வண்டியை உயரமாகத் தூக்கி நிறுத்த ஆசை. பின்னால் வில் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்குமே, அதில் இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும் என்றான்.

"ரெண்டே ரெண்டு பட்டை ஆயா. சும்மா கெத்தா நிக்கும் வண்டி."

"நிக்கிறதுக்கா நான் செலவு பண்றேன்? ஓடணும்டா. சேக்காத, எடு."

லோடு தாங்குவதற்காக வீட்டுக்காரர் எப்போதோ சேர்த்த இரண்டு பட்டைகளைக் கழற்றச் சொன்னேன். பட்டை அதிகமானால் வெறும் வண்டி கல்லில் ஏறும்போது குதிரை மாதிரி குதிக்கும், சக்கரம் தரையை விட்டுவிடும். கரடு பாதையில் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உயரத்தைக் கூட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கழற்ற 1,200 ரூபாய். கரடு பாதைக்கான பட்டன் டயர் நான்கு 28,800. கிளட்ச் பிளேட் கூலியோடு 9,500. கடற்கரைப் பக்கம் லோடு போய்ப் போய்த் துரு பிடித்திருந்த அடிப்பகுதியைச் சுரண்டி, ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து, ரெட் ஆக்சைடு அடிக்க 6,000. ரேடியேட்டர் குழாய்கள் 1,900. பேட்டரியில் ஓடுகிற காற்றடிக்கும் பம்பு 2,400. மொத்தம் ஐம்பதாயிரத்துக்கு இருநூறு குறைவு.

பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு ஒரு குறை உண்டு. பின்னால் கனம் இல்லாவிட்டால் மணலில் சக்கரம் சும்மா சுற்றும். அதற்கு வீட்டில் பாத்ரூம் கட்டி மீந்த எம்-சாண்டை ஆறு மூட்டை கட்டிப் பின்னால் போட்டேன். மூட்டை நாற்பது கிலோ. நல்ல யோசனை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா, இரண்டு பேருக்கு 130 ரூபாய். நெரும்பூர் தாண்டி ஆற்றுக்குத் திரும்புகிற இடத்தில், ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார்.

"இன்னாம்மா மூட்டைல?"

"மணலுங்க."

பக்கத்தில் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மணலா? எங்க எடுத்துகினு போற?"

"ஆத்துக்கு."

அவர் வண்டிக்குப் பின்னால் வந்து மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "ஊர்ல இருக்கிறவன்லாம் ஆத்துலேந்து மணல் எடுத்துகினு வர்றான். நீ ஆத்துக்கு எடுத்துகினு போறியா?"

ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் கல்லை உடைத்துச் செய்த மணல், ஆற்று மணல் இல்லை என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"உள்ள போறப்ப நான் பாத்துட்டேன். மேல ஏறி வர்றப்ப வேற ஆளு நிப்பாரு. ஆத்துலேந்து மூட்டையோட வர்ற வண்டிய அவரு உடுவாரா? எறக்கி வெச்சிட்டுப் போம்மா."

அவர் சொன்னது நியாயம்தான். மூட்டைகளை அங்கிருந்த டீக்கடையில் இறக்கினோம். கடைக்காரர் வாசலில் பள்ளம் இருக்கிறது, தூர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தூர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஆரம்பமே அமோகமா கீது" என்றார் வீட்டுக்காரர். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

வீட்டிலிருந்து 27 கிலோமீட்டரில் ஆற்றங்கரை. அங்கிருந்து படுகையில் இருக்கும் தர்பூசணிக் கொல்லைகளுக்கு டிராக்டர் போய்வரும் தடம் இறங்குகிறது. கரையும் படுகையுமாக ஆறு கிலோமீட்டர். முதல் இரண்டு கெட்டியான மண், வண்டி தொட்டில் மாதிரி போனது. அதற்கப்புறம் வெள்ளையாக, மாவு மாதிரி மணல். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்று தெரிந்திருந்தும், இன்னும் கொஞ்ச தூரம் பார்க்கலாம் என்று போனேன். நடுவில் வேகம் குறைந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் கனம் இல்லாத வண்டி. சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி பறித்துக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் பின் ஆக்சில் மணலில் உட்கார்ந்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் வீட்டுக்காரர். பிறகு போனை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். யாருடைய நம்பரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் வந்தது, பெட்டி நிறையத் தர்பூசணியோடு. ஓட்டி வந்தவன் பெயர் மூர்த்தி, முப்பது வயதிருக்கும்.

"இன்னா ஆயா, வண்டிய மணல்ல நட்டு வெச்சிகினு கீற? மொளைக்குமா?"

"முளைச்சா உனக்கும் ஒரு கன்னு தரேன், போ."

"அட நவுரு ஆயா. கயிறு கீது, ரெண்டு நிமிஷத்துல இஸ்துடறேன்." அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு குதித்தான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அவன் வண்டியைச் சுற்றி வந்து பம்பரைக் காலால் ஒரு தட்டு தட்டினான். "இந்த ஓட்ட வண்டிய யாரு ஆத்துல உட சொன்னது? எடைக்குப் போட்டா கூட எவனும் எடுக்க மாட்டான்."

வண்டிக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

"யாரு வண்டிடா ஓட்ட வண்டி?"

"இல்ல பெர்சு, சும்மா தமாசுக்கு..."

"பெர்சா? கயித்த சுருட்டி உள்ள வை மொதல்ல."

நான் அவரையே பார்த்தேன். கயிறு கட்டினால் ஜெயித்தது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பணம் கையில். அது அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"இன்னா நின்னுகினு கீற? காத்த எறக்கு. நாலு டயர்லயும் பதினெட்டு பாயின்ட் வை" என்றார் என்னிடம். முழங்காலை மடக்க முடியாது, அதனால் காலை நீட்டி மணலிலேயே உட்கார்ந்து, வண்டியிலிருந்த சாப்பாட்டுத் தட்டால் ஆக்சிலுக்கு அடியிலும் சக்கரத்துக்கு முன்னாலும் மணலைச் சரிவாக வாரினார். வாரிக்கொண்டே டிராக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"எங்க எறக்கணும் பழத்த?"

"ஈசிஆர் ரோட்ல, செல்வியக்கா பழக்கடைல. கரைல வேற வண்டி வந்து மாத்திகினு போவும்."

"நூறு பழத்த இதுல மாத்து. பின் சக்கரத்துக்கு நேரா அடுக்கு. நாங்களே கடைல எறக்கிடறோம்."

"ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சதலாம் இவ வாங்கிக்குவா" என்று என்னைக் காட்டினார்.

மூர்த்தி சிரித்துவிட்டு வைக்கோலைப் பரப்பினான். பழம் ஒன்று ஐந்து கிலோ என்றாலும் ஐந்நூறு கிலோ. என் ஆறு மூட்டை மணலைப்போல் இரண்டு மடங்கு. மாற்றி அடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் ஏறி, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டேன். சக்கரம் குழிக்குள் ஒரு தடவை அசைந்தது. அப்புறம் மணலை மிதித்து அமுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. நிறுத்தினால் மறுபடி இறங்கிவிடும், ஆகவே நிறுத்தவே இல்லை. கெட்டி மண் வரும்வரை, அரைக் கிலோமீட்டர், வீட்டுக்காரரை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அவர் டிராக்டரில், பழங்களுக்கு மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

கரையில் மறுபடி காற்றடிக்க நாற்பது நிமிடம். அப்போதுதான் கேட்டேன், கயிறு ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று.

"ஓட்டையா கீதோ நல்லா கீதோ, அத நான் சொல்லலாம். ஓட்டனவன் நானு. அவன் யாரு சொல்றதுக்கு?"

அங்கிருந்து அணுபுரம் வழியாக 24 கிலோமீட்டர் நல்ல ரோடு. மாமல்லபுரம் நெருங்குகையில் செல்வியின் கடை. செல்வி ஒவ்வொரு பழமாகத் தட்டித் தட்டி இறக்கினாள். நூறில் ஒன்றுகூட விரியவில்லை.

"எப்பவும் பத்து பழமாவது வாயப் பொளந்துகினு வரும். இதுல இன்னா பண்ணீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "பட்டைய கம்மி பண்ணிக் கீறோம்மா. லோடுக்கு ஏத்த மாரி அமுங்கிக் குடுக்கும், குதிக்காது." பண்ணிக் கீறோமாம். கழற்றிய நாளிலிருந்து ஒரு வாரம் என்னோடு பேசாத மனிதர்.

சீசன் முடியும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொண்டுவர முடியுமா என்று செல்வி கேட்டாள். என்னைக் கேட்காமலே சரி என்றார். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மதியம் ஒன்றரைக்கு வண்டியை நிறுத்தி, மீன் சாப்பாடு சொல்லி உட்கார்ந்தோம். போன் வந்தது, சிங்கப்பெருமாள் கோயில்காரர்தான்.

"இல்லப்பா, ஞாயித்துக்கெழம வராத" என்றார் வீட்டுக்காரர். "வண்டி எங்களுக்கே வேணும்." போனை வைத்துவிட்டு என் இலையிலிருந்து வறுத்த மீனை எடுத்துக்கொண்டார். பந்தயத்தில் ஜெயித்தது நான். மீன் அவருக்கு. போகட்டும்.

நீங்கள் இந்த வழியில் வருவதாக இருந்தால் சில விஷயங்கள். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வராதீர்கள். மாசி, பங்குனி, சித்திரை நல்லது. மணலைப் பார்த்ததும் காற்றை இறக்குங்கள், சிக்கிய பிறகு இல்லை. ஜாக்கி மணலில் புதையும், அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும். பின்னால் கனத்துக்குத் தண்ணீர் கேன் வையுங்கள், தயவுசெய்து மணல் வேண்டாம். கயிறும் கொக்கியும் கட்டாயம் வைத்திருங்கள். எனக்குப் பந்தயம் இருந்தது, உங்களுக்கு எதற்கு வீம்பு? கடற்கரை மணலில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள், இந்த மாதங்களில் ஆமைகள் அங்கே முட்டை வைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, ஏர் ஃபில்டரைத் தட்டிவிட்டுத்தான் நீங்கள் குளிக்கப் போக வேண்டும்.

பங்குனி பிறந்துவிட்டது, நாங்கள் இன்னும் பழம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பழத்தைக் கரைக்கே கொண்டுவந்து தருகிறேன், நீங்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று மூர்த்தி சொல்லிப் பார்த்தான். கரையில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போவதற்கு வேறு டிரைவரைப் பார்த்துக்கொள் என்றேன். ஆகவே நீங்கள் வரும்போது மணலில் இரண்டு விதமான தடம் தெரியும். குறுகலாக, ஆழமாகப் போவது டிராக்டர் பெட்டியினுடையது. அகலமாக, மேலாகப் போவது எங்களுடையது. அதைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.