பாதி கொம்பியூட்டர்

மாத்தளையில் நான் படித்த கல்லூரியில் ஒரு கொம்பியூட்டருக்கு இரண்டு பேர். அது யுத்த காலம்; எல்கடுவயிலிருந்து நான் வரும் பஸ்ஸைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்தி நிறுத்தித்தான் அனுப்புவார்கள். டவுனிலேயே இருந்த என் கூட்டாளி பரீதாதான் முந்திப் போய், மவுஸ் இருக்கும் வலப்பக்கத்தில் இடம் பிடிப்பாள். மவுஸ் அவளிடம், கீபோர்ட் என்னிடம். வருஷம் முழுக்க அப்படியே ஓடிவிட்டது.

செய்முறைப் பரீட்சையன்று ஆளுக்கொரு கொம்பியூட்டர் கொடுத்தார்கள். ஒரு முழுக் கொம்பியூட்டர், எனக்கே எனக்கு! ஆசையாக மவுஸைப் பிடித்தேன். அம்பு திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. அதுவரை நான் மவுஸைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதிர் வரிசையில் பரீதா, கீபோர்டில் எழுத்தைத் தேடி முழித்துக்கொண்டிருந்தாள்.

கேட்ட கடிதத்தை மளமளவென்று அடித்துவிட்டேன். எப்படிச் சேமிப்பது? மெனுவில் ‘ஃபைல்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு அடியில் ஒரு சின்னக் கோடு இருந்தது. தினமும் பார்த்த கோடுதான், எதற்கென்று யோசித்ததில்லை.

“மிஸ், மவுஸத் தொடாம செய்யலாங்களா?”

“எப்படியாவது செய்ங்க. வேல முடிஞ்சா சரி.”

ஒவ்வொரு விசையோடும் அந்த எழுத்தைச் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். ஆல்ட்டோடு அழுத்தியதும் மெனு சடாரென்று விரிந்தது! கத்திவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதிலும் கோடு போட்ட எழுத்துகள் இருந்தன; அவற்றை அழுத்தியே சேமித்தேன், பிரின்ட்டும் எடுத்தேன்!

வெளியே பரீதா ஓடிவந்தாள்.

“அல்லாஹ்வே, ஒத்த விரலால கொத்திக் கொத்தி முடிச்சிட்டேன் புள்ள! நீ?”

“ஒம் மவுஸ் இல்லாமலே நான் முடிச்சிட்டேன்டி!”

இன்று எனக்கென்று ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. மவுஸும் பழகிவிட்டது. ஆனாலும் நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போட்டுத்தான் உட்காருகிறேன். வலப்பக்கம் பரீதாவின் இடம்.