அத்திப்பழ ஈரல்

டவுன்டவுனில் ஒரு கல்லூரியில் ஸ்பானிய மொழி படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி மொன்றியலுக்கு வந்து, பிரெஞ்சு கதைக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் படிப்பிப்பதை எங்கள் ஆட்கள் ஒரு நோய் வருத்தம் மாதிரித்தான் பார்ப்பார்கள். "உதைப் படிப்பிச்சு என்ன வரப்போகுது?" என்று கோயிலில் கேட்பார்கள். சம்பளம் வரும் என்பேன்.

உடல் உறுப்புகள் பாடம் வந்தால் ஈரலில் கொஞ்ச நேரம் நிற்பேன். ஸ்பானியத்தில் ஈரலுக்கு 'ஈகதோ' என்று பெயர். லத்தீன் வேரைத் தோண்டினால் அங்கே ஈரலே இல்லை. 'அத்திப்பழம் ஊட்டியது' என்றுதான் பொருள். பழைய ரோமர்கள் வாத்துகளுக்கு அத்திப்பழத்தைத் திணித்து, ஈரலைக் கொழுக்க வைத்துச் சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அத்திப்பழ ஈரல் என்று பெயர். நாளடைவில் ஈரல் என்ற சொல் கழன்றுபோய் அத்திப்பழம் மட்டும் மிஞ்சிவிட்டது. பிரெஞ்சின் 'ஃபுவா'வும் அதே வழி வந்ததுதான் என்றால், வீட்டில் ஃபுவா கிரா என்று கொழுத்த வாத்து ஈரலைச் சாப்பிடுகிற பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஸ்பானியக்காரனுக்கு ஈரல் இருக்கிறது என்றால் அவன் துணிந்தவன். எங்களுக்கோ ஈரக்குலை நடுங்க மட்டும்தான் தெரியும். வருடா வருடம் இதைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணைக்கு ஈரல் பழுதாகிவிட்டது. குடியால் இல்லை, இதைச் சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது. கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, கதிரையை விட்டு எழும்பவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. யாராவது தன் ஈரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். என் இரத்தம் பொருந்தியது. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஸ்கானைப் பார்த்த டொக்டர் உதட்டைப் பிதுக்கினார். என் ஈரலில் கொழுப்பாம். அது குறையாமல் கத்தி வைக்க மாட்டார்களாம். நிறையைக் குறைத்துக்கொண்டு வா, ஆனால் சுணங்காதே என்றார். அண்ணைக்கு அதிக காலம் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அண்ணையின் மனைவி எனக்கு மச்சாள், நான் அவருக்கு மச்சாள். அவர்களுடைய வீடு மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். சனிக்கிழமைகளில் அண்ணையைப் பார்க்கப் போவேன். கொழுப்பு விஷயத்தை மச்சாளிடம் முதல் நாளே சொன்னேன்.

"டொக்டர்மார் உப்பிடித்தான் சொல்லுவினம். வெட்டப்போற உடம்பு, தெம்பு வேண்டாமோ? இருங்கோ, சாப்பிடுங்கோ."

ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, பொரியல். அது முடிய, நல்லெண்ணெயில் மிதக்கும் உழுந்துக் களி. பெரிய பிள்ளையான பெட்டைகளுக்குக் கொடுக்கிற சாப்பாடு. ஐம்பது வயதில் எனக்குச் சாமத்தியச் சடங்கு ஒன்றுதான் குறை. காணும் என்று கையால் மறித்தால் விரலுக்கு மேலால் இன்னொரு கரண்டி விழும். போகும்போது காரின் முன் சீற்றில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் ஏறிவிடும். வேண்டாம் என்றால் மச்சாளின் முகம் வாடிப்போகும். அதைப் பார்க்க ஏலாமல் சாப்பிட்டேன்.

இரண்டாவது ஸ்கானிலும் கொழுப்பு அசையவில்லை. இனி இறைச்சியும் எண்ணெயும் கண்ணில் காட்டக்கூடாது என்று மச்சாளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மேசையில் ஒரு கோப்பை நிறைய, நெய்யில் வதக்கித் தேன் விட்ட காய்ந்த அத்திப்பழம் இருந்தது.

"பழம்தானே மச்சாள். இது ஒண்டும் செய்யாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு விசரோ மச்சாள்? நானென்ன வாத்தோ, அத்திப்பழம் திணிக்கிறதுக்கு? இப்பிடியே தீத்திக்கொண்டிருந்தா என்ரை ஈரலை ஆரும் தொடமாட்டினம். அண்ணை செத்துப்போவார்!"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பக்கத்து அறையில் அண்ணை ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கட உடம்பில வெட்டித் தாறியள். அதுக்கு நான் என்னத்தைத் தர ஏலும்? சமைக்கிறதை விட எனக்கு என்ன தெரியும்?" என்று விம்மி அழுதார்.

கோபம் எங்கே போனதோ தெரியாது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. "பச்சைத் தண்ணி தாங்கோ மச்சாள், காணும்" என்றேன்.

அதன் பிறகு தண்ணீரும் அவித்த மரக்கறியும்தான். மச்சாள் எதிரில் இருப்பார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை விரிப்பைத் தடவுவார். நான் பனிக்குள் நடந்தேன், பசியில் எல்லாரையும் திட்டினேன், நிறை குறைந்தது. அடுத்த ஸ்கானில் டொக்டர் தலையாட்டினார். வெட்டினார்கள், கொடுத்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களில் மச்சாள் என் கட்டிலடிக்கு வந்தார். வெறுங்கையோடு வந்தார். லொத்தர் வாங்கப் போகும்போது தெருமூலை டெப்பனர் கடைக்காரனுக்குக்கூட இரண்டு ரோல்ஸ் கொண்டுபோகிற மனுசி அவர். இப்போது கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"உங்கட அண்ணையின்ரை கண்ணில மஞ்சள் போய் வெளுக்குது" என்றார்.

"டொக்டர் வந்தவர். எனக்கு மிச்சமிருக்கிற ஈரல் திரும்ப வளருமாம் மச்சாள். இனி நல்லாச் சாப்பிடட்டாம்."

மச்சாள் பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உண்மையாவோ?"

"ஓம்."

"கார்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.