தடுப்புப் பலகைக்கு அப்பால் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நிகழ்ந்தது இது. இடம், ஆவடித் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில், மாடியில் இயங்கும் ஒரு சிறிய சீன உணவகம். சமைப்பவர் நேபாளத்தவர், கல்லாவில் இருப்பவர் இவ்வூர்க்காரர், சீனம் என்று சொல்ல மேலே தொங்கும் சிவப்புத் தாள் விளக்குகள்தாம் உண்டு. குடும்பத்தோடு வருவோருக்கென ஒட்டுப்பலகைத் தடுப்புகள் வைத்துச் சிறு சிறு அறைகள் அமைத்திருந்தார்கள். அந்த மறைப்பு கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், முத்தாபுதுப்பேட்டையில் குடியிருக்கிறேன். என்னை அங்கே அழைத்துச் சென்றவர் என் காலைநடைத் தோழர். தொழிற்சாலைப் பணியில் ஓய்வுபெற்று, இதய அறுவையும் செய்துகொண்டவர். வீட்டில் உப்பும் காரமும் இல்லாமல் சமைத்துப் போடுகிறார்கள் என்பது அவருடைய தீராக் குறை.

அடுத்த அறையில் ஓர் இளம் கணவனும் மனைவியும் இருந்தனர். ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. எனினும் சொற்கள் தெளிவாக வந்து விழுந்தன. கணவர் துணை இராணுவப் படையில், வடக்கே ஏதோ ஓர் ஊரில் பணியாற்றுகிறார். விடுப்பு முடிந்து அன்று மாலையே புறப்படுகிறார். பணியிடத்தில் குடும்பத்தோடு தங்குவதற்கு வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். மருமகளை அவ்வளவு தொலைவு அனுப்ப அவருடைய தாயாருக்கு மனமில்லை. அதனால் விடுப்பு முழுவதும் கணவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை போலும்.

அந்தப் பெண்தான் தொடங்கினார். "ஊட்ல வாயத் தொறந்தா ஆளாளுக்குக் கேட்டுகினு கீறாங்க. அதான் இங்க இட்டாந்தேன். ஒன் மொகத்தப் பாத்துக் கேக்கறேன். நான் உன்கூட வரட்டா, வேணாவா?"

அப்பால், கரண்டி தட்டில் படும் ஒலி மட்டும் கேட்டது.

இப்பால் நான் என் தோழருக்கு விளக்கவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்த நூடுல்சுக்கு 'மாவிழை' என்ற பெயர் பொருந்துமா, 'நூலடை' பொருந்துமா என்பதே பேசுபொருள். வாயில் பொரித்த காலிஃபிளவர்த் துண்டு ஒன்று. உண்ணும்போது பேசாதே என்று ஆயிரம் மாணவர்களைக் கண்டித்த வாய் அது.

"யோவ் புலவரே, பேரு வெக்கறது அப்பால வெச்சிக்கலாம். ஆறிப்பூட்ச்சின்னா நாய்கூட துன்னாது" என்றார் தோழர்.

மறுமொழி சொல்ல வாய் திறந்தேன். துண்டின் தடித்த தண்டு தொண்டையில் நழுவி அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தோழர் என் தலையைத் தட்டினார், தண்ணீரை நீட்டினார், பிறகு கூவினார். அடுத்த கணம் யாரோ பின்புறமிருந்து என்னைத் தூக்கி நிறுத்தி, விலாவுக்குக் கீழே இரு கைகளையும் கோத்து, மேல்நோக்கி ஓங்கி அழுத்தினார். மீண்டும் அழுத்தினார். துண்டு தெறித்து விழுந்ததும் எனக்குக் கண் இருண்டது.

விழித்தபோது மருத்துவமனையில் இருந்தேன். தொண்டையில் காயம், மாலைவரை படுத்திருக்க வேண்டும், பேசவே கூடாது என்றனர். என் தோழரோ அச்சத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால், அடுத்த கட்டிலில் அவரையும் கிடத்தியிருந்தார்கள். உடனிருக்கும் உறவினர் யார் என்று செவிலியர் கேட்டதற்கு, "நான் பையன்தாங்க" என்று, என்னைக் காப்பாற்றிய அடுத்த அறை இளைஞர் சொன்னது காதில் விழுந்தது. என் மகள் வீடு தாம்பரத்துக்கும் அப்பால். மழையில் அவள் வந்து சேர நெடுநேரம் ஆகும்.

இளைஞரின் மனைவி வீட்டுக்குச் சென்று பயணப் பையை எடுத்துவந்திருந்தார். உண்ணாமல் விட்ட உணவைக் கட்டித் தந்த பொட்டலமும் அவர் கையில் இருந்தது. கதவுக்கு வெளியே விசிப்பலகையில் அமர்ந்து, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அங்கே எனக்கு மட்டுமே தெரியும்.

"போங்கள், அவளிடம் பேசுங்கள்" என்று சொல்ல எனக்குக் குரல் இல்லை. ஆகவே போ, போ என்று கையை அசைத்தேன். நான் அஞ்சுவதாக எண்ணிக்கொண்டு, இளைஞர் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "பயப்படாதீங்க, நான் எங்கயும் போவல" என்றார்.

என் மகள் நுழைந்த பிறகுதான் கையை விட்டார். சென்ட்ரலில் வண்டியைப் பிடிக்க அதற்குமேல் நேரமில்லை. கதவருகே அந்தப் பெண் ஏதோ சொல்லத் தொடங்கினார். கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே படியிறங்கிவிட்டார். பொட்டலம் பெண்ணின் கையிலேயே இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், திருவேற்காடு செல்லும் பகிர்வு ஆட்டோவில் எனக்கு எதிரே வந்து அமர்ந்தார் அந்தப் பெண். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, தொண்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கி அந்தப் பணியிட வீட்டைப் பற்றிக் கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் வியந்தவர், தடுப்புப் பலகை நினைவுக்கு வந்தது போலச் சிரித்துவிட்டார்.

"போன்ல கேட்டேன். ஒன் இஷ்டம்னாரு. நானும் ஒன் இஷ்டம்னேன். பக்கத்துல மாமியாரு இருக்கச்சொல்ல வேற இன்னா சொல்றது? ரெண்டு பேரும் அதையே சொல்லிகினு இருந்தோம். கடைசில வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

என்னால்தான் என்று தொடங்கினேன். அவர் முடிக்கவிடவில்லை.

"இன்னா பெரியவரே நீங்க. உசுர விடவா ஊடு பெருசு?"

கோயில் வாசலில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். அவர் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்றும் எப்போதாவது தோழரோடு அந்த உணவகத்துக்குச் செல்கிறேன். அடுத்த அறையில் இளையோர் இருந்தால் வேறு மேசைக்கு மாறிக்கொள்கிறேன்; வாய்மூடி உண்கிறேன். அந்த இளைஞர் அன்று என்ன விடை சொல்லியிருப்பாரோ, நான் அறியேன். இன்னும் சிறிது நேரம் நான் பேசாமல் உண்டிருந்தால், அவர் மனைவியாவது அதை அறிந்திருப்பார்.