இடுப்பில் கட்டிய துண்டு

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த முதியோர் இல்லத்தில் என்னைச் சேர்த்துவிட்டு, மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான். நன்றாக நடக்க ஆரம்பித்ததும் கூட்டிப் போவதாகப் பேச்சு. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவன் நான். நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பழக்கம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வந்த புதிதில் ஒருநாள் கழிப்பறை வாசலில் சறுக்கி விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் இடுப்பைப் பழைய வேட்டித் துண்டால் கட்டிலோடு கட்டிவிட்டுத்தான் ஆயா மற்ற வேலைக்குப் போவாள். முடிச்சு கட்டிலுக்கு அடியில் இருக்கும், எனக்கு எட்டாது. போனில் மகனிடம் சொன்னேன். கட்டிவைக்க இல்லத்தார் அவனிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தார்கள். இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்காது, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான். முதுகு அரித்தாலும் புரள முடியாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பேன்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம், வராந்தாவில் இன்வெர்ட்டர் புகைந்தது. ரப்பர் கருகும் நாற்றம் அறைக்குள் வந்தது. ஆயாவைக் கூப்பிட்டேன், அவள் பின்பக்கம் துணி காயப்போடப் போயிருந்தாள். அறையில் என்னோடு இருந்தவர், சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். கை நடுக்கம் உள்ளவர். அவர் தரையில் உட்கார்ந்து முடிச்சோடு போராடினார். கண் எரிந்தது. அவரை வெளியே போகச் சொன்னேன்.

“சும்மா இருங்க. உங்களை விட்டுட்டு நான் எங்க போறது?” என்றார்.

கடைசியில் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், கிரில் கதவு பூட்டியிருந்தது. மற்ற அறைக்காரர்களும் வந்து சேர, எல்லோரும் கம்பியைப் பிடித்து இருமிக்கொண்டு நின்றோம். ஆயா சாவியோடு ஓடி வந்து திறந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

சில நாளில் அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அதற்குள் சுவரில் புதிய தீயணைப்பு சிலிண்டர் ஏறியிருந்தது. இங்கே யாரையும் கட்டிவைப்பதில்லை என்று இல்லத்தை நடத்துபவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசினேன்.

“பொக வந்த அன்னிக்கு என்னையக் கட்டிப் போட்டிருந்தாங்க. பாய் இல்லீன்னா நானு அங்கயே கெடந்திருப்பனுங்க.”

வந்தவர்களில் ஓர் அம்மா என் சட்டையை விலக்கி, துண்டு அறுத்த தடத்தைப் பார்த்தார். இனிமேல் கட்டக் கூடாது, பகலில் கிரில்லைப் பூட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஆயா என் முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தாள்.

“இத்தன பேருக்கும் நானு ஒருத்திதானுங்க சாமி. நீங்க உழுந்தா என்னையத்தான கேப்பாங்க?” என்றாள்.

துணைக்கு இன்னொரு ஆளைப் போடவில்லை. கட்டிலின் இரு பக்கமும் நானாக இறக்க முடியாத இரும்புத் தடுப்பு மாட்டினார்கள். பாயை அவர் மகள் ஓமலூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். மழை பிடித்து ரிக் நின்றால்தான் வர முடியும் என்கிறான் மகன். கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் ஆயாவைக் கூப்பிட்டுவிட்டு, தடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். சில நாள் அவள் வருவதற்குள் படுக்கை நனைந்துவிடுகிறது.