முக்கால் அளவில் விழுந்த துளைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பனி கரைந்து தெருவோரம் கறுப்பாகக் கிடந்த ஒரு மாதத்தில் நடந்தது இது. நான் அப்போது கல்லூரியில் வரைகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், எங்களுக்கு இரண்டு மாடி மேலே ஓர் அங்கிளும் அன்ரியும் இருக்கிறார்கள். அங்கிளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குளிர்காலம் தொடங்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை மெல்ல மெல்லத் திரும்பியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் விளங்கும். பதில் வராது. வலது கை சும்மா கிடக்கும், இடது கை நடுங்கும்.

அவருக்கு இதில் பெரிய இழப்பு, ஞாயிறு பின்னேரங்களில் கீழே பார்ட்டி ரூமில் நடக்கும் முந்நூற்றிநாலு. இரண்டு பேர் இரண்டு பேராகச் சேர்ந்து நால்வர் ஆடும் சீட்டாட்டம் அது. கையில் வந்த சீட்டைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று வாயால் கேட்க வேண்டும். நூற்றியறுபது, நூற்றியெழுபது என்று கேள்வி ஏறும். முடியாதவர் பாஸ் சொல்வார். கூடக் கேட்டவர் மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்புச் சீட்டைத் தேர்ந்து கவிழ்த்து வைப்பார், கேட்டதை எடுக்காவிட்டால் தோற்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அங்கிள் ஒரு முறை போனார். அவர் விரலைத் தூக்குவதற்குள் "எழுபது எண்டுறான்", "இல்லையடா, பாஸ் எண்டுறான்" என்று கூட்டாளிகளே அவருக்காகப் பேசினார்களாம். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி வந்தவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அஜக்ஸ் நகரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டி வரும் அவருடைய ஆட்டக் கூட்டாளி அஜக்ஸ் அங்கிள், வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்.

இதை அன்ரி லிஃப்டில் வைத்து எனக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்லெற் திரையில் தண்ணி, நோவு, பாத்ரூம் என்று கட்டங்கள் இருக்கின்றன, தொட்டால் பேசும், ஆனால் அவர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கை துறுதுறுத்தது. கட்டத்தில் தண்ணிக்குப் பதிலாகக் கேள்வியைப் போட்டால் என்ன? அன்று மாலையே மேலே போய்ப் பன்னிரண்டு கட்டங்கள் அமைத்தேன். முதல் வரிசையில் நூற்றியறுபது முதல் நூற்றித்தொண்ணூறு வரை. கீழ் மூலையில் பாஸ், அதற்குப் பக்கத்தில் இருநூறு. "கெதியாப் போடு" என்ற கட்டமும் வேண்டும் என்று அங்கிள் சீட்டை வேகமாக மேசையில் அடிப்பதுபோல் கையால் காட்டிக் கேட்டார். குரல் அன்ரியுடையது. சீட்டாட்டத்தைக் கண்ணில் காட்டக்கூடாத மனிசி, என் ஃபோனுக்கு முன்னால் நின்று "இருநூறு" என்று கறாராகச் சொன்னார்.

நடுங்கும் விரல் பக்கத்துக் கட்டத்தில் வழுக்குகிறதே, அதற்கும் என்னிடம் வழி இருந்தது. ரப்லெற்றின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகடு, கட்டத்துக்கு ஒரு துளை. விரல் துளைக்குள் விழும், அசையாது. என் மடிக்கணினியில் வரைபடத்தை வரைந்து, நூலகத்திலுள்ள லேசர் வெட்டும் இயந்திரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மென்பொருள் என் கோப்பைத் திறக்கவே மறுத்தது. சரி, இரண்டுக்கும் பொதுவான வடிவத்துக்கு மாற்றினேன். இப்போது துளைகள் வந்தன, தகட்டின் வெளிக்கோடு வரவில்லை. அதை நான் வரைபடத்தின் வேறோர் அடுக்கில் போட்டிருந்தேன், மாற்றும்போது அது விடுபட்டுவிட்டது. திரும்பப் போய் மாற்றப் பொறுமை எங்கே? ரப்லெற்றின் நீள அகலத்தை அங்கேயே தட்டச்சு செய்து, ஒரு செவ்வகம் போட்டு, துளைகளை அதன் நடுவில் வைத்தேன். ஓரம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இயந்திரத்தைக் கவனிக்கும் ஊழியர், வெட்டுவதற்கு முன் ஒரு துளையை அளந்து பார்க்கவில்லையா என்று கேட்டார். தேவையில்லை, திரையில் சரியாக இருக்கிறது என்றேன்.

அன்று ஞாயிறு. நூலகத்திலிருந்து நேரே பார்ட்டி ரூமுக்குப் போனேன். அன்ரி அங்கிளை வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார். உடுப்புத் தோய்க்கும் பிரஷ் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் தும்புகளுக்கிடையில் அவருடைய சீட்டுகளைக் குத்தி நிறுத்தியிருந்தார். தகடு ரப்லெற்றில் கச்சிதமாகப் பொருந்தியது. முதல் சுற்றில் அங்கிள் "நூற்றியறுபது" அழுத்த, அன்ரியின் குரல் கேட்டதும் அஜக்ஸ் அங்கிள் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான், இவ்வளவு நாளும் மனிசிக்குப் பயந்து விளையாட வந்தனி. இப்ப மனிசியையே கூட்டிக்கொண்டு வந்திட்டாய்."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் உடனே "கெதியாப் போடு" என்று அழுத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றில்தான் அது நடந்தது. எதிர்ப்பக்கத்துக்காரர் நூற்றியறுபது கேட்டார். அங்கிளுக்குப் பின்னால் நின்ற எனக்கு முதலில் அவர் கைக்கு வந்த நான்கு சீட்டும் தெரிந்தன. ஒன்றும் தேறாது. அவர் விரலை மூலைத் துளைக்குள் விட்டு அழுத்தினார். அன்ரியின் குரல் கறாராகச் சொன்னது: "இருநூறு."

குனிந்து பார்த்தேன். விரல் சரியான துளையில்தான் இருந்தது. ஆனால் பாஸுக்கும் இருநூறுக்கும் இடையிலுள்ள கோடு அந்தத் துளைக்குள்ளேயே ஓடியது. துளைகள் எல்லாம் சிறுத்து, நடுவை நோக்கி நெருங்கியிருந்தன.

"அது அங்கிளின்ர பிழை இல்லை, என்ர பிழை. அவர் பாஸ் எண்டுதான் அமத்தினவர்" என்றேன்.

"அதுக்கென்ன, திருப்பிக் கேளடா" என்றார் நூற்றியறுபது கேட்ட எதிர்ப்பக்கத்துக்காரர்.

அங்கிள் தலையாட்டி மறுத்தார். சொன்ன கேள்வி சொன்னதுதான் என்பது அந்த மேசையின் சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு வருடக் கணக்காக மற்றவர்களை வதைத்தவரே அவர்தானாம். நடுங்கும் இடது கையால் பிரஷிலிருந்து ஒரு சீட்டை உருவி, துரும்பாகக் கவிழ்த்து வைத்தார்.

தோற்றார்கள். கொஞ்சநஞ்சத் தோல்வி இல்லை.

"நாலும் குப்பை. உந்தச் சீட்டை வைச்சுக்கொண்டு இருநூறு கேட்டவராம் துரை. உனக்கு வருத்தம் வந்தது வாய்க்கோ, மூளைக்கோ?" என்று அஜக்ஸ் அங்கிள் மேசையில் தட்டித் தட்டி ஏசினார். நான் பயந்துபோய் அங்கிளைக் குனிந்து பார்த்தேன். ஆனால் அவர் தோள் குலுங்கச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து ஒரு சத்தம் வெளியே வந்து மாதக் கணக்காகிவிட்டது என்று அன்ரி பிறகு சொன்னார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரை யாருமே ஏசவில்லையாம்.

அடுத்த நாள் தகட்டோடு நூலகத்துக்குப் போனேன். நாற்பது மில்லிமீற்றர் இருக்க வேண்டிய துளை முப்பதுதான் இருந்தது. ஊழியர் சிரிக்காமல் விளக்கினார். என் மென்பொருள் ஓர் அங்குலத்தை எழுபத்திரண்டு பங்காக எண்ணுகிறது, அவர்களுடையது தொண்ணூற்றாறாக. எண்கள் மாறாமல் போய்ச் சேர்ந்துவிடும், அளவு முக்காலாகிவிடும். வாரத்துக்கு ஓர் ஆளாவது இப்படி வருவார்களாம். இந்த முறை அளந்து பார்த்துத்தான் வெட்டினேன்.

புதுத் தகடு இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் வேலை செய்கிறது. ஆனால் அங்கிள் பழையதை எறிய விடவில்லை. கேட்டதை எடுக்க முடியாமல் தோற்கும்போதெல்லாம் அதைப் பையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டுவார், பிறகு விரலை என் பக்கம் நீட்டுவார்.

நான் இன்று யாருக்குக் கோப்பு அனுப்பினாலும் ஒரு மூலையில் ஐந்து சென்ரிமீற்றர் கோடு ஒன்றைப் போட்டு, இதை அளந்துவிட்டு வெட்டுங்கள் என்று எழுதிவிடுவேன். அந்தக் கோட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும், என் பிழையைத் தன் கேள்வியாக ஏற்றுக்கொண்டு துரும்பைக் கவிழ்த்து வைத்த அந்த இடது கை என் கண் முன்னால் வந்துவிடுகிறது.