எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கும் போவதில்லை என்று சொன்ன நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். நோட்டை எடுத்து உட்காருவேன். முதல் பக்கத்திலேயே நான் சொன்ன பொய் வந்து நிற்கும். மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. புதுச்சத்திரத்து மெயின் ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே எங்கள் ஊர். பஸ் கிடையாது. என் மகள் உள்ளூரில் எட்டாவது முடித்துவிட்டு ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் இருந்தாள். ஹைஸ்கூலுக்கு மெயின் ரோட்டுக்குத்தான் போக வேண்டும். முள் அடர்ந்த வேலிக்காட்டு வழியில் அவளைத் தனியாக நடக்கவிட எனக்கு மனசு வரவில்லை. "பஸ் வரட்டும், அன்னைக்கே அனுப்பறேன்" என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். எட்டாவது சர்டிபிகேட்டைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பூஜை முடிந்து பங்காளிகள் நாலு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது சர்க்கார் கணக்கெடுப்புக்காரர் வந்தார். சேலத்து முஸ்லிம், நாற்பது வயசு இருக்கும். மோர் கொடுத்தேன்.

"நோன்புங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் வீடு வீடாக ஏறி வந்திருக்கிறார். கட்டம் போட்ட தாளை எடுத்தார். "நேத்து உங்க ஊட்டிலிருந்து யார் யார், எங்க, எதுக்கு, எதுல போனாங்கன்னு சொல்லுங்க."

"நான் நாமக்கல் போனனுங்க. மெயின் ரோடு வரைக்கும் சைக்கிள், அப்பறம் பஸ்ஸு."

"ஊட்டுல அம்மா? பொண்ணு?"

முந்தின நாள் காலையில் என் மனைவி முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புதுச்சத்திரத்துக்கு நடந்து போய் வந்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை போவாள். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான். ஆனால் காடு கரை உள்ள குடும்பம், வீட்டுப் பெண் கூடை சுமக்கிறாள் என்று வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல். பங்காளிகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க எங்கயும் போறதில்லீங்க" என்றேன். நெற்றியில் நாமத்தோடு, விரத நாளில், விரதத்தில் இருந்த ஒரு மனிதரிடம் சொன்னேன். பங்காளிகளும் அவரவர் வீட்டுக்கு அதையே சொன்னார்கள்.

அவர் போனதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "ஏனுங்க, அந்தத் தாளுக்கு மேல என்ன போட்டிருந்துச்சுன்னு பார்த்தீங்களா? உங்க மக பார்த்தா. எந்த ஊருக்கு பஸ்ஸு வேணும்னு பாக்கற கணக்காம்."

நான் துண்டை எடுத்து உதறிப் போட்டேன். அவள் விடவில்லை.

"பஸ்ஸு வந்தா அனுப்பறேன்னீங்க. இன்னைக்கு வாசலுக்கே வந்துச்சு. நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்க."

மகள் கோழிக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் அங்கேதான் தங்கியிருந்தார். நோன்பு திறந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்வரை தள்ளி நின்றேன். அப்புறம், "பாய், நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "எனக்கும் சந்தேகந்தாங்க. இந்த ஊர்ல ஒரு பொம்பளைகூட வாசலைத் தாண்டறதில்லைன்னு எழுதியிருக்கேன். அப்ப காலைல வழியெல்லாம் கூடையோட எதிர்ல வந்தவங்க எந்த ஊருங்க?"

தாளை எடுத்தார். தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாதாம். மேலே ஒரே ஒரு கோடு போட்டு, தப்பும் படிக்கிற மாதிரி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தார்.

"என் மகளுக்கு என்னங்க எழுதுவீங்க? அவ நேத்து எங்கயும் போகலை. பஸ்ஸு இல்லாததாலதான் போகலை."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "போனவங்களுக்குத்தான் இதுல கட்டம் இருக்கு. போக முடியாதவங்களுக்கு இல்லை. கடைசியில குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, அதுல எழுதறேன். ஆனா ஒரு ஊடு திருந்தினாப் பத்தாதுங்க. நாளைக்கு மறுபடி வாரேன். மத்தவங்களை நீங்கதான் சொல்ல வைக்கணும்."

மறுநாள் காலையில் கோயில் வாசலில் தீபாராதனை ஆனதும் எல்லார் எதிரிலும் என் பொய்யைச் சொன்னேன். பங்காளி மகன் ஒருத்தன் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏஞ் சித்தப்பா, சின்னம்மா கூடை சொமக்கறதை மைக் வெச்சுச் சொல்றதுதான பாக்கி?" என்றான்.

எனக்கு முன்னால் அவன் பெண்டாட்டியே பதில் சொன்னாள். "நானுந்தான் கூடப் போறேன். நீங்க மெல்ற வெத்தலை என்ன, பறந்தா வருது?"

கோயில் வாசலே சிரித்தது. அவனும்தான். அதற்குப் பிறகு கணக்கெடுப்புக்காரருக்கு வீட்டுக்கு வீடு பெண்களே பதில் சொன்னார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு எப்போது போகிறார்கள், எல்லாம். அவருக்குத் தாள் போதவில்லை. என் மகள் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தாள்.

பல மாதம் ஒரு தகவலும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் நாமக்கல்லுக்குப் போய் ஆஞ்சநேயர் முன்னால் நின்று வந்தேன். கோடையில் ஒரு ஜீப் வந்து எங்கள் மண் ரோட்டைப் பார்த்தது. அதிலிருந்த அதிகாரி கையில் ஏதோ தாள் வைத்திருந்தார். "இந்த ஊர்ல காலைல கூடையோட போறவங்க நெறையாமே? பஸ்ஸை ஏழரைக்கு விட்டாச் சரியா இருக்குமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டிருந்தால், ஆண்கள் போகிற பத்து மணியைத்தான் சொல்லியிருப்பேன். ஏழரை பெண்கள் சொன்ன நேரம். அதில் போனால்தான் ஹைஸ்கூல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியும்.

ஜூன் மாதம் பஸ் வந்தது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. முன் கண்ணாடிக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். என் மகள் பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து சர்டிபிகேட்டை எடுத்தாள். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. கூடைகளுக்கு நடுவில் அவளுக்கு என் மனைவி இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு வருஷம் பிந்தித்தான் ஒன்பதாவதில் சேர்ந்தாள். எண்பதுகளில் அவளே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள்.

எல்லாம் என்னால் ஆனது என்று நான் சொல்லவில்லை. பெருமாள் தயவு, அந்த நோன்புக்காரரின் பொறுமை, பெண்களின் வாய்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கணக்கெடுக்க யாராவது வாசலுக்கு வரும்போது நினைவு வந்தால் நல்லது. ஆனால் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து என் பொய்யை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவர் கோடு போட்டாரே, அந்த மாதிரி அதுவும் படிக்கும்படியே இருக்கட்டும்.